மேற்காசு ஊதியமாகாது

(சேலத்தில் உணவகத் தொழிலாளரும் பொதுமக்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறிதாகத் தோன்றும். உணவகத்தில் உண்டு முடித்தபின், சோம்பு வைத்த தட்டில் நாம் விட்டுவரும் பத்து உருபாவைப் பற்றியது அது. பத்து உருபாவுக்கு ஓர் உரையா என எண்ணாதீர்கள். ஒருவரின் உழைப்புக்கு விலை சொல்பவர் யார், அவ்விலையைத் தர வேண்டியவர் யார், குறைந்தால் கேட்கும் உரிமை உழைத்தவர்க்கு உண்டா என்னும் மூன்று வினாக்களும் அந்தத் தட்டில்தான் கிடக்கின்றன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இக்காசை இன்று 'டிப்சு' என்கிறோம்; அஃது ஆங்கிலம். முன்பு 'இனாம்' என்றோம், அஃது அரபு. 'பக்சீசு' என்றோம், அது பாரசீகம். நாம் இவ்வுரையில் 'மேற்காசு' என்று வைத்துக்கொள்வோம். ஆனால் உழைப்பின் விலையைக் குறிக்க நமக்குப் பழஞ்சொற்களே உண்டு. இதே சேலத்துக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த மொழிஞாயிறு பாவாணர், கூலமாகிய தவசத்தைக் கொடுத்ததால் கூலி என்றும், நெல்லும் உப்பும் கொடுத்ததால் சம்பளம் என்றும் விளக்கினார். இரண்டும் அளந்து கொடுப்பவை. அளவு இருந்தால், குறைந்தபோது கேட்கலாம். மேற்காசுக்கு அளவு இல்லை. ஆகவே கேட்க வாயும் இல்லை.

தொல்காப்பியர் கேட்டற் சொற்கள் மூன்றைப் பிரித்துக் காட்டுகிறார். தாழ்ந்த நிலையினன் 'ஈ' என்பான். ஒத்த நிலையினன் 'தா' என்பான். உயர்ந்த நிலையினன் 'கொடு' என்பான். உழைத்தவன் தன் ஊதியத்தைத் 'தா' என்று நிமிர்ந்து கேட்க வேண்டியவன். மேற்காசை நம்பி வாழவைத்தால், அவனை வாய்திறவாமலே 'ஈ' என்று சொல்ல வைக்கிறோம்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலை உணவகங்களைப் பாருங்கள். மீதத்தைக் கொண்டுவரும் பரிமாறுநர் ஐம்பது உருபாத் தாளை அப்படியே வைப்பதில்லை. பத்தும் இருபதுமாக மாற்றி வைப்பார். ஒரு தாளேனும் தட்டில் தங்கட்டும் என்பதே அதன் பொருள். உள்ளே அடுப்பு வெப்பத்தில் பரோட்டா அடிப்பவரை நாம் காண்பதில்லை. பின்கட்டில் ஏனம் கழுவும் தாயையும் காண்பதில்லை. இலையெடுத்து மேசை துடைப்பவரைக் கண்டும் காணாதிருக்கிறோம். மேற்காசு முகம் கண்டு தருவது. உழைப்பைக் கண்டு தருவதன்று.

நற்பணிக்குப் பரிசு தருவதில் என்ன குற்றம் என்று கேட்பர். பாடம் நன்றாக நடத்திய ஆசிரியரின் மேசைமேல் பத்து உருபா வைப்போமா? வைத்தால் அது அவரை இழிவுபடுத்துவது என்போம். அலுவலரிடம் நீட்டினால் அதற்குக் கையூட்டு என்று பெயர். பரிமாறுநர்க்கு மட்டும் அது பரிசாவது எங்ஙனம்? அவரை நமக்கு நிகராக எண்ணாமையே கரணியம்.

இதன் வேர் நம் மண்ணிலும் உண்டு. நம் ஊர்களில் முடிதிருத்துவோரும் ஆடை வெளுப்போரும் ஆண்டு முழுவதும் உழைத்து, அறுவடைக் களத்தில் வந்து நின்று நெல் பெற்றனர். அளவை முடிவு செய்தவர் நிலக்காரர். நின்றவர் குலத்தால் தாழ்த்தப்பட்டவர். களத்து நெல் போய்விட்டது. களத்தில் நிற்கும் அந்த நிலை, உணவக மேசையருகே இன்னும் நிற்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கு 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் தன் தொடர்வண்டிப் படுக்கைப் பெட்டிகளில் பணிக்கு அமர்த்தியது. ஊதியம் சிறிது, எஞ்சியதைப் பயணியரிடம் பெற்றுக்கொள் என்றது. பயணியர் அவர்களுக்குரிய பெயரால் அழைக்காமல், உரிமையாளரின் பெயராகிய 'சார்ச்சு' என்றே எல்லாரையும் அழைத்தனர். நம் உணவகங்களில் விரல் சொடுக்கி அழைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தொழிலாளர் 1925இல் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின்பின், 1937இல் நிறுவனம் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ஊதியம் கூடியது, வேலைநேரம் குறைந்தது. ஆயினும் மேற்காசைக் காட்டி ஊதியத்தைக் குறைக்க உணவக முதலாளியர்க்கு அந்நாட்டுச் சட்டம் 1966இல் இடமளித்தது. மேற்காசு பெறுவோர்க்கு நடுவணரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் தந்தாற் போதும் என்பது 1991 முதல் மாறவில்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். குறைந்த அளவுக் கூலிச் சட்டம் 1948இலும், தமிழ்நாட்டு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958இலும் வந்தன. சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் மேற்காசு சட்டத்துக்கு வெளியே நிற்பது. வாடிக்கையாளர் தரும் மேற்காசு முதலாளி தரும் ஊதியமாகாது என்று, வருமானவரி வழக்கொன்றில் உச்சநயமன்றம் 2016இல் கூறியது. உணவகங்கள் தாமாகவே விலைச்சீட்டில் பணிக்கட்டணம் சேர்க்கலாகாது என்று 2022இல் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. 2025இல் தில்லி உயர்நயமன்றமும் அதை ஒப்பியது. உண்பவர்க்குக் காப்பு கிடைத்தது. பரிமாறுபவர்க்கு என்ன கிடைத்தது?

ஒரு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு நூறு உருபா மேற்காசு என்று கொள்வோம். இருபத்தாறு நாளுக்கு 2,600 உருபா. வைப்புநிதிச் சட்டத்துக்கு உட்பட்ட உணவகத்தில் இதே தொகை ஊதியமாக வந்திருந்தால், நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் முதலாளியின் பங்கு திங்களுக்கு 312 உருபா, ஆண்டுக்கு 3,744, முப்பது ஆண்டில், வட்டி நீங்கலாகவே, 1,12,320 உருபா. முதுமையில் மருந்துக்கும் சோற்றுக்கும் ஆகும் அந்தத் தொகையைத்தான் தட்டிற் கிடக்கும் பத்து உருபா விழுங்குகிறது. நாம் கொடுத்ததாக எண்ணுகிறோம். முதலாளி கொடுக்காமல் தப்புகிறார்.

சமையல் வளி உருளையைப் பாருங்கள். தென்மாநிலங்களுக்கு வளி சுமக்கும் கொள்கல உந்து உரிமையாளரின் சங்கம் நம் நாமக்கல்லிலேயே உள்ளது. உருளையின் விலையிலேயே வீட்டில் கொண்டுவந்து தரும் கூலி அடங்கியுள்ளது. ஆயினும் வாயிலில் ஒவ்வொரு முறையும் வாய்ச்சண்டை. இல்லத்தரசிக்கும் சுமந்து வந்தவர்க்கும் நடக்கும் அச்சண்டையில், கூலியைக் கொடுக்க வேண்டிய முகவர் கண்ணுக்கே தெரிவதில்லை. இரு ஏழையரை மோதவிட்டு மூன்றாமவர் ஒதுங்கி நிற்பதே இம்முறையின் சூழ்ச்சி.

இப்போது புதிதாக ஒன்று நேர்ந்துள்ளது. 2016இல் யுபிஐ முறை வந்தது. கைப்பேசியில் பணம் செலுத்துகிறோம். உண்ட விலை காசு பிசகாமல் முதலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மீதக் காசும் இல்லை, தட்டும் இல்லை. மேற்காசு தானே மறைந்து வருகிறது. அதற்கு ஈடாக ஊதியம் உயர்ந்ததா? உயரவில்லையாயின், அவர் இழந்ததை யார் ஈடுசெய்வது?

நம் இளைஞர் உணவக வேலைக்கு வருவதில்லை என்று முதலாளியர் குறை சொல்கின்றனர். ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் இன்று நம் இலையில் சோறு இடுகின்றனர். அவர்மேல் சினங்கொள்வது அறிவுடைமையன்று. நம் பிள்ளை ஏற்க மறுத்த கூலியை, வறுமையால் ஏற்றுக்கொண்டவர் அவர். ஊதியம் உயர்ந்தால் இருவர்க்கும் உயரும். உயராவிட்டால் இருவரும் கெடுவர்.

மாற்ற முடியாதது என்று எதுவும் இல்லை. நாள் முழுதும் நின்றே உழைத்த கடைப் பணியாளர் அமர இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் வந்தது. நிற்பவர்க்கு இருக்கை வந்ததுபோல், கையேந்துபவர்க்கு ஊதியமும் வரும்; கேட்டால்தான் வரும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, இவ்வுரையைக் கேட்டவுடன் நாளை முதல் மேற்காசை நிறுத்திவிடாதீர்கள். கொள்கையின் பெயரால் பத்து உருபாவை மிச்சப்படுத்துவது கஞ்சத்தனமே. முழு ஊதியம் வரும்வரை கொடுங்கள். தட்டில் எறியாமல், முகம் பார்த்து, நிகரானவர்க்குத் தருவதுபோல் தாருங்கள். இரண்டாவது, உணவகத் தோழர்களே, ஏனம் கழுவுபவரையும் இலையெடுப்பவரையும் உள்ளடக்கி ஒன்றுசேருங்கள். ஊதியச் சீட்டையும் வைப்புநிதிக் கணக்கையும் கேளுங்கள். மூன்றாவது, முதலாளியரே, உணவின் விலையில் உழைப்பின் விலையையும் சேர்த்து வெளிப்படையாக எழுதுங்கள், உண்பவர் தருவர். உழைப்பவர் ஒருவர் நம் கைபார்த்து நிற்கும் நிலை ஒழிந்த அன்றுதான், நாம் உண்ட சோறு நமக்குச் செரிக்கும்.