பூடிலும் இஸ்தோப்பும்

இலக்கியத்தில் நாயைப் பற்றிப் பேசப் புகுவோர் தருமபுத்திரரிலிருந்து தொடங்குவது வழக்கம். கூட வந்த நாயை வெளியே விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று அவர் மறுத்த கதை நீங்கள் அறிந்ததே. பைரவருக்கு நாய் வாகனம். எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டுகிறதே என்று நாலடியார் அதன் நட்பை மெச்சுகிறது. அதே தமிழில்தான் அது வசைச்சொல்லுமாகிறது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியபோது 'நாயேன்' என்றார். போற்றினாலும் தூற்றினாலும் நாய்க்கு நாம் கொடுத்த இடம் வாசலுக்கு வெளியேதான். தருமபுத்திரருக்கு வந்த வழக்கே வாசல் வழக்குத்தானே!

எங்கள் வீட்டுக்கும் 2022ஆம் ஆண்டில் அந்த வழக்கு வந்தது. நெருக்கடியால் நாட்டைவிட்டுப் புறப்பட்ட என் மைத்துனர், தாம் கொழும்பில் வளர்த்த பூடில் நாயை றக்வானையில் எங்களிடம் விட்டுச் சென்றார்.

பூடிலைப் படங்களில் பார்த்தவர்கள் அதைச் சீமாட்டியின் மடியில் தூங்கும் பிராணி என்றே எண்ணுவார்கள். உண்மையில் அது தண்ணீரில் வேலை செய்த நாய். தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. சுடப்பட்ட நீர்ப்பறவையை நீந்திச் சென்று கவ்வி வருவது அதன் தொழில். நீந்த இடைஞ்சல் இல்லாமல் உரோமத்தைக் கத்தரித்து, குளிர் தாக்காதிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் விட்டுவைத்தார்கள். இன்று நாம் அலங்காரமென்று சிரிக்கும் அந்த வெட்டு, ஒரு தொழிலாளியின் உடுப்பு.

ஜேர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் பூடில் பிரியர். ஒன்று இறக்க மற்றொன்றாக வளர்த்த தம் பூடில்களுக்கு அவர் இட்ட பெயர் 'ஆத்மா'. தாரா ஷுகோ 1657இல் பாரசீகத்தில் பெயர்ப்பித்த உபநிடதங்களை, அதன் லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்தவர் அவர். காசிப் பண்டிதர்கள் விளக்கிய சொல் இத்தனை மொழி கடந்து ஒரு நாயின் பெயரானதை என் உயர்தர வகுப்பில் சொன்னபோது, மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ, உபநிடதத்தைச் சரியாகப் படித்தவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

றக்வானையில் பூடில் வளர்ப்பது இலேசான காரியமன்று. இங்கே மழைக்குக் குறைவில்லை. பூடிலின் உரோமம் மற்ற நாய்களைப்போல உதிராது, வளர்ந்துகொண்டே போகும். தினமும் சீவாவிட்டால் சடை விழும். ஐந்தாறு வாரத்துக்கொரு முறை வெட்டியாக வேண்டும். தேயிலை மலைப் பக்கம் ஒருமுறை போய்வந்தால் சுருளுக்குள் எத்தனை அட்டை என்று விரல் விட்டுத் தேட வேண்டும். இரத்தம் குடித்து அது தானாக விழுந்த பிறகுதான் நமக்கே தெரியவரும்.

என் தாயார் எதிர்த்தது இந்தச் சிரமங்களுக்காகவன்று. அவர் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து எங்களை ஆளாக்கியவர். "நாய உள்ள வைக்க நாம என்ன தொரமாரா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்ற நேரம் அது.

அவர் மனதில் நின்றது வேறொரு பஞ்சம். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் பட்டினி கிடந்தன. அப்போது அவரது அக்கா பங்களாவில் வேலை. துரை வீட்டு நாய்க்கு இறைச்சிச் சோற்றைக் கையால் பிசைந்து வைத்துவிட்டு, வெறுங்கையுடன் லயத்துக்கு வருவாராம். சின்னத் தம்பிமார் ஓடிவந்து அந்தக் கையை முகர்ந்து பார்ப்பார்களாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர். பங்களா நாய்க்கோ தனி அறை. இதைக் கேட்ட பிறகு தருமபுத்திரர் கதையை நான் எந்த முகத்தோடு அவருக்குச் சொல்வது? சொல்லவில்லை.

பிள்ளைகள் வைத்த பெயர் 'பிரவுணி'. அம்மா அதை வாயில் வைக்கவேயில்லை. ஒரு நாள் இஸ்தோப்பிலிருந்து அவர் குரல் கேட்டது: "தொர, இங்க வா. சோறு தின்னு!" வாலாட்டிக்கொண்டு ஓடியது பூடில்.

அன்றிலிருந்து அதன் பெயர் துரைதான். "தொர, ஒக்காரு" என்றால் உட்காருகிறது. "தொர, வெளிய போ" என்றால் போகிறது. அடுத்த வீட்டு முதியவர், பெரட்டுக்களத்தில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தலைமுறைக்காரர். முதல் தடவை கேட்டபோது திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். இப்போது தினமும் மாலையில் வந்து, "தொர சாப்பிட்டாரா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.

அட்டை பிடுங்குவது முழுக்க அம்மாவின் வேலையாகிவிட்டது. உப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சுருள் சுருளாகத் தேடுகிறார். பால் கொடுப்பதில்லை. அதில் மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. துரை படுப்பது இஸ்தோப்பில், அம்மா மலைக்குப் போன காலத்துப் பழைய கம்பளியின் மேல். அடைமழை நாட்களில் அந்தக் கம்பளி வாசற்படிக்கு உள்ளே கிடக்கும். இழுத்துப் போட்டது யாரென்று வீட்டில் எவரும் கேட்பதில்லை.