சாவியில்லா வண்டியும் இரும்புப் பூட்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் கம்பனைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசத் தக்க அறிஞர் பலர் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிக்கும் என்னை மோட்டார் வண்டிப் பூட்டைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் காலனியில் ஒரு புதுக் கார் இரவோடிரவாகக் காணாமற்போயிற்று. கண்ணாடி உடையவில்லை, நாய் குரைக்கவில்லை, சாவி வாசற்கதவின் அருகே ஆணியில் தொங்கியபடியே இருந்தது. மந்திரமோ மாயமோ என்று பலரும் வியந்தனர். அது எப்படி நடக்கக்கூடும் என்பதையே இன்று கூற முன்வந்துள்ளேன்.

பொத்தானை அழுத்தினால் புறப்படும் வண்டியைச் சாவியில்லா வண்டி என்கிறோம். உண்மையில் அதற்கும் சாவி உண்டு. அது நம் சட்டைப்பையில் இருந்துகொண்டே பேசுகிறது. கதவின் கைப்பிடியைத் தொட்டவுடன் வண்டி மெல்லிய ரேடியோ அலையால் சாவியை அழைக்கிறது. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவினதாகிய அவ்வழைப்பு ஓரிரு மீட்டர் தூரமே எட்டும். சாவி அதைக் கேட்டு, வேறோர் அலைவரிசையில் மறைமொழியாக விடை தருகிறது. விடை சரியாயின் கதவு திறக்கும். உள்ளே அமர்ந்து பொத்தானை அழுத்தினால் யந்திரமும் ஓடும். பல வண்டிகளில், விடை சரியா என்று வண்டி பார்க்கிறதே தவிர, சாவி உண்மையிலேயே அருகில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அழைப்பு எட்டியதால் சாவி அருகில்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்கிறது. திருடனுக்கு வேண்டியது அந்த ஊகம்தான்.

ஒருவன் கருவியொன்றை ஏந்தி நம் வாசலருகே நிற்கிறான். மற்றவன் இன்னொரு கருவியுடன் வண்டியருகே நிற்கிறான். வண்டியின் அழைப்பை ஒருவன் வாங்கி மற்றவனுக்கு அனுப்ப, அது சுவரைக் கடந்து ஆணியில் தொங்கும் சாவியை எட்டுகிறது. சாவி உத்தமமாக விடையளிக்கிறது. மறைமொழியை எவரும் உடைக்கவில்லை. அதன் குரலை நீட்டினார்கள், அவ்வளவே. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களை இவ்வாறு சோதித்து, பத்துமே ஏமாந்தன என்று 2011-ல் வெளியிட்டனர். யந்திரம் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், சாவி விலகிப்போனாலும் வண்டி நிற்பதில்லை. ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றால் ஆபத்தல்லவா?

நம் ரயில்வே அன்பர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நீல் கருவி உள்ள ஒற்றைப் பாதையில், அதிலிருந்து எடுத்த பந்து டோக்கன் ஓட்டுநரின் கைக்கு வந்தால்தான் அடுத்த நிலையத்துக்கு வண்டி செல்லலாம். அந்தப் பந்தைத் தந்திக் கம்பி வழியே எவனும் அனுப்பிவிட முடியாது. கையில் இருந்தால் இருக்கிறது, இல்லையேல் இல்லை. பொத்தான் வண்டியிலோ பந்தின் இடத்தில் அதன் குரல் மட்டும் இருக்கிறது.

இனி, ஸ்டியரிங் பூட்டுக்கு வருவோம். சாவியை எடுத்தபின் சக்கரத்தைத் திருப்பினால் 'டக்' என்று சிக்கிக்கொள்ளும் பூட்டை நீங்கள் அறிவீர்கள். மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் புது வண்டி, பழைய வண்டி என்ற வேறுபாடின்றி எல்லாக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். திருட்டு நன்கு குறைந்தது. இங்கிலாந்தில் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் அதை வைத்தார்கள். திருடர்கள் புதிய கார்களை விட்டுப் பழைய கார்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்! பக்கத்து வீட்டுக்காரர் பூட்டினால் நம் வீட்டுக்கு ஆபத்து என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்தப் பூட்டுத்தான் இன்னும் வண்டியில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பல வண்டிகளில் இருக்கிறது. சில புதிய வண்டிகளில் அதுவும் இல்லை. இருக்கும் இடத்திலும், முன்பு சாவியின் உலோகத்தால் திறந்த பூட்டு, இப்போது கம்ப்யூட்டரின் கட்டளைக்கு ஒரு சிறு மோட்டாரால் திறக்கிறது. கம்ப்யூட்டர் ஏமாந்தால், அது தானே வழிவிட்டு விலகிவிடும். காவலாளியும் கதவும் ஒரே எஜமானனுக்கு அடிமை. எஜமானன் ஏமாந்தபின் இருவரால் என்ன பயன்?

ஆகையால்தான், பழமையென்று நாம் ஒதுக்கிய இரும்புத்தடிப் பூட்டை மீண்டும் எடுக்கச் சொல்கிறேன். ஸ்டியரிங் சக்கரத்தின் குறுக்கே மாட்டித் தனிச் சாவியால் பூட்டும் அது எந்தக் கம்ப்யூட்டரின் கட்டளையையும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இதை 1980-களில் விற்பனைக்குக் கொணர்ந்து பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் வின்னர் என்பவர், கொரியப் போரில் படைவண்டிகளின் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிய அனுபவம் உடையவராம். அந்நாட்டிலேயே, யந்திரத்தை முடக்கும் மின்காவல் இல்லாத ஹூண்டாய், கியா கார்கள் ஏராளமாகத் திருடுபோனபோது, 2023 பிப்ரவரிக்குள் காவல் துறையினர் வழியாக 26,000-க்கும் மேற்பட்ட ஸ்டியரிங் பூட்டுகள் அளிக்கப்பட்டன. அவை சாவி திருகும் வண்டிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரும்பை அறுக்க முடியாதா? முடியும். சக்கரத்தின் வளையத்தையே வெட்டியும் பூட்டைக் கழற்றலாம். ஆனால் அதற்கு ஓசையும் நேரமும் வேண்டும். ஓசையின்றி ஓரிரு நிமிடத்தில் முடிக்க வந்தவனுக்கு இரண்டும் ஆகாது. கண்ணாடி வழியே பூட்டைக் கண்டதும் அடுத்த வண்டியை நாடுவான். என் வண்டியில் அதைக் கண்ட நண்பரொருவர், "என்ன சார், மாட்டு வண்டிக்கு நுகத்தடியா?" என்றார். இருக்கட்டும், நுகத்தடியுள்ள வண்டி வாசலில் நிற்கிறது.

சாவியைத் தகர டப்பாவில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். நல்ல வழிதான். ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டும். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வண்டியருகே சென்று கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்த டப்பா ஊறுகாய்க்குத்தான் ஆகும். மாற்றுச் சாவியையும் உள்ளே வைக்க மறவாதீர்கள், அதுவும் பேசக்கூடியதே. ஆயினும் டப்பா ஒரு வழியை மட்டுமே அடைக்கும். 2022-ல் லண்டனில் ஓர் ஆராய்ச்சியாளரின் டொயோட்டா காரை, முன்விளக்கருகே உள்ள கம்பியில் கருவியை இணைத்து, சாவியின் குரலே இல்லாமல் கொண்டுபோயினர். அங்கே டப்பா என்ன செய்யும்?

நிற்க. தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில காலை வேளைகளில் பொத்தானை அழுத்தியும் வண்டி அசையாமல், சக்கரமும் சிக்கி நிற்கும். பழுதென்று மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். முன்சக்கரம் நடைமேடை விளிம்பை முட்டி நின்றால் பூட்டின் நாக்கு இறுகிவிடுகிறது. பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள், பெரும்பாலும் விடுபடும். சாவியின் வில்லைப் பாட்டரி தீர்ந்துவிட்டால், அதனுள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பல வண்டிகள் புறப்படும்.

கோடை விடுமுறைக்கு நாம் குடும்பத்தோடு ஊருக்குச் செல்கிறோம். வண்டி ஒரு மாதம் கேட்பாரற்று நிற்கிறது. சாவிகள் இரண்டையும் எண்ணி உடன் கொண்டுசெல்லுங்கள். வண்டி களவுபோனால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தார் வழக்கமாக இரண்டையும் கேட்பார்கள். ஒன்று குறைந்தாலும் கேள்விமேல் கேள்வி வரும். களவு தெரிந்தவுடன் காவல் துறையிலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் தாமதமின்றித் தெரிவித்துவிடுங்கள். புறப்படும் நாளன்று பெட்டி படுக்கைகளைக் கட்டும் அவசரத்தில் இரும்புப் பூட்டை மாட்ட மறந்துவிட்டால், ஆட்டோ வந்து நின்றபோதிலும் இறங்கிச் சென்று மாட்டிவிட்டு வாருங்கள். ரயிலுக்கு அரை மணி முன்னதாகப் புறப்பட்டால் அதற்கும் நேரமிருக்கும்.