ஆகஸ்ட் 20: நூலாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

செகந்திராபாத்தின் வரலாற்றில் ஆகஸ்ட் 20 மறக்க முடியாத நாள். 1897-ஆம் ஆண்டு அந்நாளில்தான், பேகம்பேட்டில் ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் நோய்க்கிருமி வளர்ந்திருப்பதைக் கண்டார். 116 ஆண்டுகளுக்குப் பின், 2013-ஆம் ஆண்டு அதே ஆகஸ்ட் 20 காலையில், புனே நகரில் நடைப்பயிற்சிக்குச் சென்ற மருத்துவரும் எழுத்தாளருமான நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் நிகழ்வை உலகம் கொசு நாளாக நினைவுகூர்கிறது. இரண்டாவதை அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு 2018 முதல் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாகக் கடைப்பிடித்து வருகிறது.

இருவரும் மருத்துவர்கள், இருவரும் நூலாசிரியர்கள். அறிவியலும் பண்பாடும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை அறிய, இவர்களின் எழுத்தோடும் இவர்களைப் பற்றி எழுதியவர்களோடும் உரையாடுவதே சிறந்த வழி. உரையாடுதல் என்றால் போற்றிப் புகழ்தல் அல்ல, கேள்வி கேட்டல்.

முதலில் ராஸிடம் கேட்போம். சிப்பாய்களின் எழுச்சி வெடித்த 1857 மே மாதத்தில் அல்மோராவில் பிறந்தவர் அவர். கவிதையும் நாவலும் எழுதியவர். 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் உருவான இந்தப் படைநகரில், ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில், பங்காவையும் நிறுத்திவிட்டு உழைத்தார். காற்று வீசினால் அறுத்துப் பார்க்க வைத்திருந்த கொசுக்கள் பறந்துவிடும். நுண்ணோக்கியின் திருகாணிகள் வியர்வை பட்டுத் துருப்பிடித்திருந்தன. அந்த உழைப்பை எவரும் மறுக்க முடியாது. லண்டனிலிருந்த பேட்ரிக் மேன்சனுக்கு அவர் தொடர்ந்து எழுதிய கடிதங்களும் மேன்சனின் மறுமொழிகளும் பின்னாளில் நூலாயின. ஐயம், ஏமாற்றம், தவறான கொசு இனங்களோடு கழிந்த இரண்டு ஆண்டுகள் ஆகிய யாவும் அவற்றில் உள்ளன. மேதையின் திடீர் வெளிச்சமாகப் பாடநூல்கள் காட்டும் கண்டுபிடிப்பு, உண்மையில் இருவரிடையே நிகழ்ந்த நீண்ட விவாதத்தின் விளைச்சலாகும்.

ஆனால் அந்த விவாதத்தில் பேசாத மனிதர்களும் உண்டு. உசேன் கான் என்ற நோயாளி, ஒரு கொசுக்கடிக்கு ஓர் அணா என்ற கணக்கில் தன் உடலைக் கொசுக்களுக்குக் கொடுத்தார். கொசுப்புழுக்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ராஸிடம் கூலிக்கு இருந்த உள்ளூர்ப் பணியாளர்கள். 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கானின் பெயர் வரலாற்றின் ஓரத்தில் நின்றுவிட்டது. பணியாளர்கள் பலரின் பெயர் அந்த ஓரத்திலும் இல்லை.

இந்த மௌனத்தைத்தான் அமிதவ் கோஷ் 1995-இல் வெளியான ‘தி கல்கத்தா குரோமோசோம்’ நாவலில் கதையாக்கினார். ராஸ் கண்டுபிடித்தாரா, அல்லது அவருக்குக் கீழே இருந்த எளியவர்கள் அவரைக் கண்டுபிடிக்க வைத்தார்களா என்று நாவல் கேட்கிறது. அது கற்பனைதான்; வரலாற்றுச் சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. எனினும், ஆய்வறையில் யாருடைய உழைப்பு கணக்கில் வருகிறது, யாருடையது விடுபடுகிறது என்ற கேள்வியை ஓர் இலக்கியப் படைப்பு அறிவியலின் வாசலில் கொண்டுவந்து வைத்தது. தொழிற்சாலையில் உபரி உழைப்பைப் பற்றிப் பேசும் இயக்கத்துக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

இன்னொரு கேள்வியும் உண்டு. கண்டுபிடிப்பு எப்போது மக்களைச் சென்றடைந்தது? கொசுதான் காரணம் என்று 1897-98-இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நாடு விடுதலை அடைந்த காலத்தில், மதிப்பீடுகளின்படி, ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் தாக்கப்பட்டார்கள். சுமார் 8 லட்சம் பேர் மாண்டார்கள். தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது 1953-இல்தான். அதன் பின் சுமார் பத்தாண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. கவனம் தளர்ந்தபோது நோய் திரும்பி வந்து, 1976-இல் 64 லட்சத்தை எட்டியது. அறிவு இருந்தும் அரை நூற்றாண்டு மக்கள் மடிந்தார்கள் என்றால், அந்த அறிவு யார் கையில் இருந்தது என்று கேட்காமல் அறிவியல் வரலாறு எழுத முடியாது.

இதே நகரத்தின் இன்னொரு முனைக்கு வருவோம். ஹப்சிகூடாவில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தை 1977-இல் தொடங்கி வளர்த்தவர் புஷ்ப மித்ர பார்கவா. அவர் 1964-இல் சதீஷ் தவன், அப்துர் ரகுமான் ஆகியோருடன் அறிவியல் மனப்பான்மைக்கான சங்கத்தை உருவாக்கினார். அறிவு மனித முயற்சியால் மட்டுமே பெறப்படுகிறது. சிக்கல்களைத் தீர்க்க இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றலை நாட வேண்டியதில்லை. இந்தக் கருத்துள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டால் உறுப்பினராகலாம். நாட்டின் பெயர்பெற்ற விஞ்ஞானிகள் பலர் கையெழுத்திட மறுத்ததாக அவர் பின்னாளில் எழுதினார். ஆய்வறையில் விஞ்ஞானியாகவும் வீட்டு வாசலில் வேறொருவராகவும் வாழ முடியும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். அறிவியலைக் கற்றவர் யாவரும் அறிவியல் மனப்பான்மை உடையவர் ஆகிவிடுவதில்லை. இடையே நிற்பது பண்பாடு.

1976-இல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக 51ஏ பிரிவில் சேர்த்தது. 1980 அக்டோபரில் நமது நீலகிரியின் குன்னூரில் அறிஞர்கள் கூடி விவாதித்தார்கள்; அதன் விளைவாக 1981 ஜூலையில் அறிவியல் மனப்பான்மை குறித்த அறிக்கை வெளியானது. பார்கவா, பி.என். ஹக்சர், ராஜா ராமண்ணா ஆகியோர் அதன் பின்னணியில் இருந்தார்கள். சில மாதங்களிலேயே ஆசிஷ் நந்தி எதிர் அறிக்கை எழுதினார். அறிவியலின் பெயரால் எளிய மக்களின் வாழ்வறிவு இகழப்படுகிறது. நவீன அறிவியல் அதிகாரத்தோடும் வன்முறையோடும் கைகோத்திருப்பதை அறிக்கை காணவில்லை என்பது அவர் வாதம்.

இடதுசாரிகளுக்கு நந்தியோடு ஆழமான கருத்து வேறுபாடு உண்டு. அதிகாரத்தின் குற்றத்தை அறிவியலின் தலையில் சுமத்தினால், மூடநம்பிக்கையை விற்பவர்களுக்கே அது வசதியாகும். ஆயினும் அவர் சுட்டிய புண் உண்மையானது. உசேன் கானின் ஓர் அணா அதற்குச் சான்று. மக்களை அறியாதவர்கள் என்று கருதி மேலிருந்து போதிக்கும் அறிவியல், மக்களின் அறிவியல் ஆகாது. அன்று இரு தரப்பும் எழுத்தால் மோதின. வாசகர்கள் படித்துத் தங்கள் முடிவுக்கு வந்தார்கள். பண்பட்ட சமூகத்தில் விவாதம் அப்படித்தான் நடக்கும்.

அந்த நிலை இன்று எங்கே போயிற்று? தபோல்கர் 1989-இல் மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பை நிறுவி, ‘சாதனா’ வார இதழின் ஆசிரியராக இருந்து, சட்டம் வேண்டிப் பல ஆண்டுகள் போராடினார். அவர் உயிரோடு இருந்தவரை வராத அவசரச் சட்டம், அவர் கொல்லப்பட்ட சில நாட்களில் வந்தது. 2015 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் தலைவர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டு மாண்டார். சிவாஜியைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் தமிழிலும் வந்துள்ளது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் தார்வாடில் எம்.எம். கல்புர்கி, 2017 செப்டம்பர் 5-இல் பெங்களூருவில் கௌரி லங்கேஷ். நால்வரும் எழுதியவர்கள், நால்வரும் மக்களின் மொழியில், மராத்தியிலும் கன்னடத்திலும் எழுதியவர்கள். மக்களுக்குப் புரியும் மொழியில் கேட்கப்படும் கேள்விக்கே மதவெறி அஞ்சுகிறது. 2024 மே மாதம் தபோல்கர் வழக்கில் சுட்டவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, மூவர் விடுவிக்கப்பட்டார்கள். சுடச் சொன்னவர்கள் யார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

எழுத்தாளர்கள் தங்கள் விருதுகளைத் திருப்பி அளித்த 2015-ஆம் ஆண்டில், 87 வயதான பார்கவாவும் தமது பத்மபூஷண் விருதைத் திருப்பி அளிப்பதாக அறிவித்தார். விஞ்ஞானியும் எழுத்தாளரும் ஒரே வரிசையில் நின்ற அந்தத் தருணம், அறிவியலும் பண்பாடும் வேறு வேறு துறைகள் என்ற எண்ணத்துக்கு விடையாக அமைந்தது.

தோழர்களே, நமது கடமை என்ன? தமிழ்நாட்டில் 1980-இல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் சிறுவர்களுக்கு அறிவியலைத் தமிழில் சொல்லி வரும் ‘துளிர்’ இதழும் பாதை காட்டியுள்ளன. தெலுங்கு மண்ணில் ஜன விஞ்ஞான வேதிகா அதே பணியைச் செய்கிறது. படைநகரிலும் ரயில்வேக் குடியிருப்புகளிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ் உழைப்பாளர்கள் இவ்விரு மரபுகளுக்கும் உரியவர்கள். ஒவ்வொரு கிளையிலும் மாதம் ஒரு நூலை எடுத்து, இயன்றால் அதன் ஆசிரியரையே அழைத்து, மூன்று கேள்விகள் கேட்கலாம். இது உண்மை என்று எப்படி அறிந்தீர்கள்? இதற்கு உழைத்தவர்கள் யார் யார்? இதனால் பயன் பெறுவோர் யார்?

விடை சொல்லத் தயங்காத ஆசிரியரும் கேட்கத் தயங்காத வாசகரும் உள்ள இடத்தில் மூடநம்பிக்கை நெடுநாள் தங்காது. கல்வியறிவு இல்லாத மூதாட்டியும் எழுந்து கேட்கக்கூடிய அவையாக அது இருக்க வேண்டும். உசேன் கான்கள் கூலிக்கு உடலைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கும் அறிவியல் இனி வேண்டாம். அவர்கள் உள்ளே வந்து, உட்கார்ந்து, கேள்வி கேட்கும் அறிவியலைக் கட்டியெழுப்புவோம்.