காலபோக விதைப்பும் வானிலை அறிக்கையும்



சோளகம் ஓய்ந்து, வாடை எழுமுன் உள்ள இடைக்காலம் இது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களாகிய இக்காலத்தை வானிலையாளர் இரண்டாம் இடைப்பருவம் என்பர். பிற்பகலில் இடியுடன் கூடிய மழையும், வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களும் இதற்குரியவை. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெறும். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் உலர் வலயத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே கிடைக்கிறது. குளநீர் பாயாத மானாவாரி வயலுக்கு இம்மழையன்றி வேறு கதியில்லை. ஆதலால் விதைக்கும் நாளைத் தெரிந்தெடுப்பதே இப்போகத்தின் முதற் காரியமாகும்.

பருவகால வானிலை அறிக்கை, “சராசரியினும் கூடுதலாக மழை பெய்யும் சாத்தியம் உண்டு” என்று கூறுமாயின், அது வாக்குறுதியன்று, சாத்தியம் மாத்திரமே. பசுபிக் சமுத்திரத்தின் மத்திய, கிழக்குப் பாகங்கள் வழமையினும் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் எமது ஐப்பசி, கார்த்திகை மழை மிகுதல் இயல்பு. அவை குளிரும் லா நினா ஆண்டுகளில் குறைதலும் உண்டு. ஆயினும் 2020ஆம் ஆண்டு லா நினா ஆண்டாயிருந்தும், டிசம்பர் முதல் வாரத்தில் வந்த புரெவிப் புயல் வடபகுதி வயல்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. எனவே, மழை குறையும் என்று கேட்டவர் வடிகாலை வெட்டாது விடலாகாது. மழை மிகும் என்று கேட்டவர் குளத்து நீரை வீணாக்கலாகாது.

புழுதி விதைப்புச் செய்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முற்றாகக் காய்ந்த மண்ணில் இட்ட நெல் மழை வரும்வரை உறங்கிக் கிடக்கும். நன்றாக நனைந்த மண்ணில் இட்ட நெல் முளைத்து வேரூன்றும். அரைகுறையாக நனைந்த மண்ணே ஆபத்தானது. சிறு மழையொன்றில் முளைத்த பயிர் அடுத்து வரும் பத்து நாள் வெயிலில் கருகிவிடும். விதைநெல்லும் உழவுக்கூலியும் ஒருங்கே நட்டமாகும். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி, கையிற் பிடித்துப் பாருங்கள். அது உருண்டையாகத் திரளுமாயின் ஈரம் போதும். உதிருமாயின் மழை போதாது.

மழை பிந்தினால் வயது குறைந்த இனத்தை விதையுங்கள். பிந்தி விதைத்த மூன்றரை மாத ஏ.ரீ. 362 மழை ஓய்ந்த மாசியில் தாகத்தால் வாடக்கூடும். மூன்று மாத பீ.ஜி. 300 அதற்கு முன்னரே முற்றிவிடும்.

நேர்ச்சுவருடைய தகரப்பேணி ஒன்றை மரநிழல் படாத வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு நீரின் ஆழத்தை அளந்து எழுதி வாருங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லீற்றர் நீராகும். 100 மில்லிமீற்றர் பெய்யுமாயின் நான்கு இலட்சம் லீற்றர் உங்கள் வரம்புக்குள் நிற்கும். அதனை வெளியேற்றும் வழி முன்கூட்டியே திறந்திருத்தல் வேண்டும். பலத்த மழை எதிர்பார்க்கப்படும் நாளில் யூரியா எறிதல், பணத்தை வாய்க்காலில் எறிதலேயாம்.

1964 டிசம்பரிலும், 1978 நவம்பரிலும், 2008 நவம்பரிலும், 2025 நவம்பரிலும் இந்நாடு கண்ட புயல், வெள்ள அழிவுகள் யாவும் இப்பருவத்திலேயே நேர்ந்தன. ஆகவே ஒக்டோபர் முடியுமுன் குளக்கட்டின் துளைகளை அடையுங்கள். வான் வழியிலுள்ள பற்றைகளை வெட்டுங்கள். அடுத்த போக விதைநெல்லை உயரமான இடத்தில் வையுங்கள். இவை தனியொருவர் வேலையல்ல. கமக்காரர் அமைப்புக் கூடிச் செய்யவேண்டியவை.

அன்றாட அறிக்கையைத் தவறாது கேளுங்கள். ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். வானத்தை நாம் ஆள இயலாது. வயலை ஆயத்தமாக வைத்திருக்க இயலும்.