மானியம் வரும், குழந்தை காத்திருக்காது
(நாக்பூர் கிளை உறுப்பினர்களின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு 74 வயதாகிறது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு மத்திய அரசுப் பணியில் 36 வருஷம் இருந்தேன். அதில் ஒன்பது வருஷம் மானியக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவு. தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்கள் வரும். ஓர் இணைப்பு குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். விதிப்படி அது சரிதான். ஆனால் திரும்பிப் போன ஃபைலுக்குப் பின்னால் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவன் என் பேரன்.

அவனுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம். எல்லாம் புரிந்துகொள்வான், சிரிப்பான். தானாக நடக்க முடியாது. அவனுக்காக என் பெண் வேலையை விட்டாள். நம் கிளையிலேயே இப்படி இன்னும் ஐந்து குடும்பங்கள் இருப்பது, வீடு வீடாகப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. “கல்யாணம் கார்த்திகைக்குக்கூட இவனை அழைச்சுண்டு வரதில்லை ஸார், எதுக்கு எல்லாரும் கேள்வி கேட்டுண்டு?” என்றார் ஒரு மாமி. அன்றே முடிவு செய்தேன். மூன்று பேர் சேர்ந்து பகல் நேரப் பராமரிப்பு மையத்துக்காகச் சென்ற வருஷம் ஒரு டிரஸ்ட் பதிவு செய்தோம்.

பணத்துக்கு எங்கே போவது? மற்ற ஊர் உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று, நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதங்கள். மகாராஷ்டிரத்தில் டிரஸ்ட் என்றால் சாரிட்டி கமிஷனரிடம் பதிவு. நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித் துறையில் பதிவு. நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் ஓர் எண். எல்லாவற்றுக்கும் மேலாக, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி மாநில அரசின் பதிவுச் சான்றிதழ். இது இல்லாமல் மையம் நடத்தவே கூடாது. சிறப்பு ஆசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

அடுத்து, 1999-ஆம் வருஷச் சட்டத்தால் அமைந்த நேஷனல் டிரஸ்ட். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல குறைபாடுகள் சேர்ந்திருப்பது ஆகிய நான்குக்கும் உரியது. பகல் நேர மையத்துக்கு திஷா, விகாஸ் என்ற திட்டங்களை 2015-ல் தொடங்கினார்கள். திஷா 10 வயது வரை, விகாஸ் அதற்கு மேல். பிற்பாடு இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். மையம் இல்லாத ஊரிலும் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இதே டிரஸ்டின் நிரமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

மூன்றாவது, மத்திய அரசின் தீன்தயாள் மறுவாழ்வுத் திட்டம். திட்டச் செலவில் 90 சதவிகிதம் வரை மானியம் உண்டு. ஆனால் நிறுவனம் இரண்டு வருஷமாவது இயங்கியிருக்க வேண்டும். நமக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. பணமும் பெரும்பாலும் நாம் செலவு செய்து கணக்குக் காட்டிய பிறகே வரும்.

நான்காவது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, நிகர லாபம் ஐந்து கோடியைத் தொட்ட கம்பெனி மூன்று வருஷ சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். வாங்கும் டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கிறார்கள். இந்த நிதியைப் பார்ப்பவர் யார் என்று கேட்டுச் சொன்னால்கூடப் பெரிய உபகாரம்.

இனி என் அனுபவம். ஓர் அலுவலகத்துக்கு 62 பக்கத்தில் விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தது. “வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு மட்டுமே உள்ளது, குறைந்தது மூன்று வருஷத்துக்கான ஆவணம் இணைக்கவும்.” அந்த வாசகம் எனக்கு நன்றாகப் பரிச்சயம். ஒரு காலத்தில் நானே எழுதியதுதான். யார் மேலும் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இந்த ஊரில் எந்த வீட்டுக்காரரும் 11 மாதத்துக்கு மேல் எழுதித் தர மறுக்கிறார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நம் சங்கக் கட்டடத்தின் கீழ் ஹாலை வாரநாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு மணி வரை, மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள். கல்யாண வாடகை போய்விடும் என்று சிலர் கவலைப்படுவது நியாயம்தான். சென்ற வருஷ ரிஜிஸ்தரைப் புரட்டினேன். சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஹால் பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தது. முகூர்த்த நாள் வந்தால் அன்று மையத்துக்கு விடுமுறை விடுகிறோம்.

மானியத்தை மட்டும் நம்பி ஆரம்பிக்கக் கூடாது என்பதும் நான் கற்ற பாடம். சிறப்பு ஆசிரியர், ஓர் ஆயா, வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் ஆகியோரின் ஆறு மாதச் சம்பளமாவது கையில் இருக்க வேண்டும். அதில் பாதியை என் ஓய்வூதிய சேமிப்பிலிருந்து போடுகிறேன். மீதிக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு வரை பேரனை நான் தூக்கிக் குளிப்பாட்டினேன். இப்போது அவன் கனமாகிவிட்டான், என் முழங்கால் இடம் தரவில்லை. என் பெண் தனியாகத் தூக்குகிறாள். ஃபைல் மேஜையில் இருக்கலாம். குழந்தை வளர்வதை நிறுத்தி வைக்க முடியாது.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. தயவுசெய்து வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டுக் குழந்தையையும் அழைத்து வாருங்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.