அமெரிக்கக் கண்டத்தில் ஒரு ஒப்பந்தம் மடிந்த கதை

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

பகல் ஷிப்டு முடிந்து மில் வாசலிலிருந்து நேரே வந்தவர்களும், நடவு முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வந்தவர்களும் இங்கே ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "தென் அமெரிக்காவில் நடந்த மகாநாட்டைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று வரும் வழியிலேயே ஒரு தோழர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். முதலில் கதையைக் கேளுங்கள், பதிலைப் பிறகு சொல்கிறேன்.

1994 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரத்தில் ஒரு பெரிய மகாநாடு நடந்தது. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, நடுவிலே உள்ள தீவுகள் ஆகியவற்றிலிருந்து 34 தேசங்களின் தலைவர்கள் வந்திருந்தார்கள். அழைத்தவர் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன். அழைப்பில்லாத தேசம் ஒன்றே ஒன்று. எது என்று நான் சொல்லவேண்டியதில்லை. கியூபாதான்.

மூன்று நாள் பேசி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். ஜனநாயகத்தைக் காப்போம் என்றார்கள். தடையற்ற வர்த்தகத்தால் செழிப்பைக் கொண்டுவருவோம், வறுமையை ஒழிப்போம் என்றார்கள். நீடித்த வளர்ச்சிக்கு உத்தரவாதம் தருவோம் என்றார்கள். நீடித்த வளர்ச்சி என்றால் என்ன? ஆற்றையும் காட்டையும் மண்ணையும் இன்றைக்கே தின்று தீர்த்துவிடாமல், பேரன் பேத்திகளுக்கும் மிச்சம் வைத்து முன்னேறுவது. இதெல்லாம் நடக்க வழி என்ன? வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே கண்டத்தின் கடைக்கோடி வரை ஒரே சந்தை. அதற்கான ஒப்பந்தப் பேச்சை 2005க்குள் முடிப்பது என்று நாள் குறித்தார்கள்.

வார்த்தைகளில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நாமும் ஜனநாயகம் கேட்கிறவர்கள்தான். தேசத்துக்குத் தேசம் வியாபாரம் வேண்டாம் என்று எந்தக் கம்யூனிஸ்டும் சொன்னதில்லை. ஆனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. எழுதியவன் கை எப்படிப்பட்ட கை என்றும் பார்க்கவேண்டும்.

ஜனநாயகத்தை எடுத்துக்கொள்வோம். குவாத்தமாலாவில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அர்பென்ஸ். யுனைடெட் புரூட் என்ற அமெரிக்க வாழைக் கம்பெனி தரிசாகப் போட்டு வைத்திருந்த நிலத்தை எடுத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார். 1954ல் அமெரிக்க உளவு ஸ்தாபனம் அவரைக் கவிழ்த்தது. 1973ல் சிலியில் அலெண்டேயின் கதி என்ன ஆயிற்று என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கொலைகார ராணுவ ஆட்சிகளில் ஒன்றைக்கூட அமெரிக்க நாடுகளின் ஸ்தாபனத்திலிருந்து தள்ளி வைக்கவில்லை. 1962ல் தள்ளி வைத்தது கியூபாவை! பழைய கதை என்பீர்களா? புதிய கதையும் உண்டு. 2001 செப்டம்பரில் பெரு தேசத்தின் லிமா நகரத்தில் ஜனநாயகச் சாசனம் ஒன்றில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஏழே மாதத்தில், 2002 ஏப்ரலில், வெனிசுவேலாவில் முதலாளிகளும் சில தளபதிகளும் சேர்ந்து ஜனாதிபதி சாவேஸைப் பிடித்து அடைத்தார்கள். வாஷிங்டன் யாரைக் குற்றம் சொன்னது? பிடிபட்ட சாவேஸைத்தான். இரண்டு நாளில் ஏழை ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். படையிலும் ஒரு பகுதி அவர்கள் பக்கம் நின்றது. சாவேஸ் திரும்பி வந்தார்.

இனி வர்த்தகம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும், நம் அடுப்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

34 தேசங்களுக்கும் தைக்க நினைத்த சட்டைக்கு ஒரு மாதிரி ஏற்கனவே தயாராக இருந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று தேசங்களுக்கும் ஒரு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1994 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? மெக்சிகோவைப் பார்ப்போம்.

நமக்கு நெல் எப்படியோ மெக்சிகோக்காரனுக்கு மக்காச்சோளம் அப்படி. அந்தப் பயிர் உலகத்துக்கே அந்த மண்ணிலிருந்து வந்தது. மக்காச்சோள மாவில் சுடும் தோர்த்தியா என்ற ரொட்டிதான் அங்கே மூன்று வேளையும். இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில், வானம் பார்த்து விதைக்கிற குடியானவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கோனசுபோ என்ற சர்க்கார் ஸ்தாபனம் அவர்களிடம் நிர்ணயித்த விலைக்குக் கொள்முதல் செய்தது, ஏழைகளுக்கு மலிவு விலைக் கடையும் நடத்தியது. நம் நெல் கொள்முதல் நிலையத்தையும் ரேஷன் கடையையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே யார்? ஆயிரம் ஏக்கரை டிராக்டரிலும் எந்திரத்திலும் அறுக்கிற அமெரிக்கப் பண்ணைக்காரன். அவனுக்கு அவன் சர்க்கார் ஆண்டுதோறும் கோடி கோடியாக டாலர் மானியம் கொடுக்கிறது. யானைக்கும் ஆட்டுக்கும் கயிறு இழுக்கும் போட்டி! மக்காச்சோளத்துக்கு 15 ஆண்டு தவணையில்தான் வரியை நீக்குவது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் அளவுக்கு மேல் வந்த சோளத்துக்கு வாங்கவேண்டிய வரியை மெக்சிகோ சர்க்காரே வாங்காமல் விட்டது. அமெரிக்கச் சோளம் பல மடங்கு வந்து குவிந்தது. குடியானவனுக்குக் கிடைத்த விலை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போயிற்று. 1999ல் கோனசுபோவையும் இழுத்து மூடினார்கள். தோர்த்தியாவுக்கு இருந்த மானியமும் அதே ஆண்டில் போயிற்று.

சரி, சோளம் மலிந்ததே, ரொட்டி மலிந்ததா? அதுதான் இல்லை. மாவு வியாபாரம் இரண்டு மூன்று பெரிய கம்பெனிகளின் கையில். 2007 ஜனவரியில் தோர்த்தியா விலை தாங்காமல் ஜனங்கள் தலைநகரத்தில் பெரும் ஊர்வலம் போனார்கள். விளைவித்தவனுக்கும் விலை இல்லை, தின்கிறவனுக்கும் மலிவு இல்லை.

நிலத்தை விட்டவர்கள் எங்கே போனார்கள்? சிலர் எல்லையோரத்து ஆலைகளுக்குப் போனார்கள். பஞ்சாலைத் தோழர்கள் கவனியுங்கள். அங்கே துணி வெட்டு வடக்கே இருந்து வரும், இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள், சரக்கு மறுபடி வடக்கே போகும். சங்கம் என்று வாய் திறந்தால் வேலை போகும். மற்றவர்கள் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கே கூலிகளாகப் போகப் பார்த்தார்கள். அங்கேதான் வேடிக்கை. ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே 1994ல், அக்டோபரில், கலிபோர்னியா எல்லையில் மெக்சிகோக்காரர்களைத் தடுக்கக் காவற்படையைக் குவித்து வேலியை நீட்டினார்கள். சோளத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. மூலதனத்துக்குக் கதவே கிடையாது. சோளம் விளைவித்த மனிதன் வந்தால் மட்டும் முள்வேலி!

அடுத்தது நீடித்த வளர்ச்சி. இதே மெக்சிகோவில் சான் லூயிஸ் பொடோசி மாகாணத்து ஒரு சிற்றூரில், விஷக் கழிவைக் கொட்டி வைக்க ஒரு அமெரிக்கக் கம்பெனி கிடங்கு கட்டியது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், உள்ளூர் நிர்வாகம் அனுமதி தரவில்லை. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைக் காட்டி, தன் லாபம் போயிற்று என்று மெக்சிகோ சர்க்கார் மீது வழக்குப் போட்டது. மெக்சிகோ கோர்ட்டில் அல்ல, மூன்று பேர் கொண்ட தனி நடுவர் மன்றத்தில். 2000ல் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு என்று தீர்ப்பு. தன் கிணற்றைக் காத்த குற்றத்துக்கு அபராதம்! இந்த மாதிரி ஷரத்தைத்தான் 34 தேசங்களின் தலையிலும் கட்டப் பார்த்தார்கள்.

1996 டிசம்பரில் நீடித்த வளர்ச்சிக்கென்றே ஒரு தனி மகாநாட்டைப் பொலிவியாவில் நடத்தினார்கள். அதே பொலிவியாவில் மூன்று ஆண்டு கழித்து என்ன நடந்தது? கொச்சபாம்பா என்ற மலை நகரம். உலக பாங்கி நெடுநாளாகத் தண்ணீரைத் தனியாரிடம் விடு என்று நெருக்கி வந்தது. 1999ல் நகரத்தின் குடிநீர் விநியோகத்தை அமெரிக்காவின் பெக்டெல் கம்பெனி பங்கு கொண்ட ஒரு கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். தண்ணீர்ச் சீட்டு வந்தது. பல வீடுகளில் கட்டணம் இரட்டிப்பாகியிருந்தது. புதிதாக வந்த சட்டத்தைப் படித்தால், கிராமத்தார் தாங்களே வெட்டிய கிணறும் வாய்க்காலும்கூடக் கைவிட்டுப் போகும் போல இருந்தது.

அப்போது ஒன்று நடந்தது. இந்தக் கூட்டத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான். ஆலைத் தொழிலாளர் சங்கமும் பாசன விவசாயிகளின் சங்கமும் ஒரே மேடைக்கு வந்தன. செருப்பு ஆலைத் தொழிலாளியான ஆஸ்கர் ஒலிவேரா முன்னணியில் நின்றார். ஆலைத் தொழிலாளர் சங்கக் கட்டடமே போராட்ட அலுவலகம் ஆயிற்று. விவசாயிகள் சாலைகளை மறித்தார்கள். நகரத்துப் பெண்கள் தண்ணீர்ச் சீட்டைக் கொளுத்தினார்கள். சர்க்கார் ராணுவச் சட்டம் போட்டது. 17 வயதுப் பையன் ஒருவன் குண்டுபட்டுச் செத்தான். ஆனாலும் 2000 ஏப்ரலில் சர்க்கார் பணிந்தது, கம்பெனி வெளியேறியது. போகிற போக்கில் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்கும் போட்டது. பல தேசங்களில் ஜனங்கள் காறித் துப்பவே, 2006 ஜனவரியில் இரண்டே இரண்டு பொலிவியா நாணயத்துக்கு வழக்கை விட்டது. இரண்டு நாணயம், தோழர்களே!

வெற்றிக்குப் பிறகு எல்லாம் பொன்னாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் நகராட்சி கைக்கு வந்த பிறகும் தெற்குப் பகுதி ஏழைகள் பல ஆண்டுகள் லாரித் தண்ணீரைத்தான் காசு கொடுத்து வாங்கினார்கள். கம்பெனியைத் துரத்துவது ஒரு வேலை, குழாய் போடுவது வேறு வேலை.

இதற்கிடையே பெரிய ஒப்பந்தத்தின் பேச்சு ரகசியமாக நடந்துகொண்டிருந்தது. நகலைக்கூட வெளியிடவில்லை. 2001 ஏப்ரலில் கனடாவின் கியூபெக் நகரத்தில் தலைவர்கள் கூடியபோது ஊரைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுக்கொண்டு உள்ளே ஜனநாயகம் பேசினார்கள். வெளியே கண்ணீர்ப்புகை. அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் நகல் வெளிவந்தது.

பிரேசில் ஜனங்கள் செய்த காரியம் நமக்குப் பாடம். 2002 செப்டம்பர் முதல் வாரத்தில், சர்க்கார் கேட்காவிட்டால் நாங்களே கேட்கிறோம் என்று நிலமற்ற விவசாயிகளின் இயக்கமும், தொழிற்சங்கங்களும், மாதா கோயில் சபைகளும் சேர்ந்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆலை வாசலிலும் கோயில் வாசலிலும் பெட்டி வைத்தார்கள். ஒரு கோடிக்கு மேல் வாக்கு விழுந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள்.

அடுத்த மாதம் லூலா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரேசில் சர்க்கார் ஒரு நேரான கேள்வியைக் கேட்டது: உங்கள் விவசாய மானியத்தைப் பற்றி இங்கே பேசுவோமா? அமெரிக்கா, அதை உலக வர்த்தக ஸ்தாபனத்தில் பேசிக்கொள்ளலாம் என்றது. அப்படியானால் நீங்கள் கேட்கிற முதலீட்டு ஷரத்தையும் அங்கேயே பேசிக்கொள்ளுங்கள் என்றது பிரேசில். பிரேசில் முதலாளிகள் ஒன்றும் நம் தோழர்கள் அல்ல. அவர்கள் கவலை சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும். ஆனாலும் அந்தத் தகராறு ஜனங்களுக்கு உதவிற்று.

2005 நவம்பர் 4, 5 தேதிகளில் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா கடற்கரை நகரத்தில் மகாநாடு. புஷ் வந்தார். ஊரின் மறுபுறம் விளையாட்டு மைதானத்தில் ஜனங்களின் எதிர் மகாநாடு. தலைநகரிலிருந்து தனி ரயிலில் பந்தாட்ட வீரர் மரடோனா வந்தார், பொலிவியாவின் மொராலிஸ் வந்தார். அந்த மைதானத்தில் சாவேஸ் பேசினார். உள்ளே 29 தேசங்கள் அமெரிக்கா பக்கம். அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே, பராகுவே, வெனிசுவேலா ஆகிய ஐந்து மறுத்தன. ஐந்து பேர் மறுத்ததும் சந்தை போயிற்று. அந்த ஒப்பந்தம் அதற்குப்பின் எழுந்திருக்கவே இல்லை.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். 2004 டிசம்பரில் ஹவானாவில் பிடல் காஸ்ட்ரோவும் சாவேஸும் ஆல்பா என்ற வேறுவிதக் கூட்டுக்கு அடிகோலினார்கள். கியூபாவிடம் டாக்டர்கள் இருந்தார்கள், வெனிசுவேலாவிடம் எண்ணெய் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று கொடுத்து வாங்கினார்கள். டாக்டரையே காணாத மலைச்சேரிகளில் ஆயிரக்கணக்கான கியூப டாக்டர்கள் குடியேறினார்கள். கண்புரை விழுந்த ஏழைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் நடந்தது. இதைக் குறைத்துச் சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் அந்தக் கூட்டு எண்ணெய் விலையின் முதுகில் உட்கார்ந்திருந்தது. 2014ல் விலை விழுந்ததும் அதுவும் தள்ளாடியது. ஜனநாயகத்திலும் பழுது வந்தது. 2023ல் வெனிசுவேலா சுப்ரீம் கோர்ட் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையையே பறித்து வேறு ஆட்களிடம் கொடுத்தது. நம்மவர் செய்தால் நல்லது என்று இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை.

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், ஆசிய-பசிபிக் பகுதியின் 16 தேசங்கள் பேசி வந்த வர்த்தகக் கூட்டில் சேருவதில்லை என்று இந்திய சர்க்கார் அறிவித்தது. அதற்கு முன் நாடெங்கும் விவசாயிகள் தெருவில் நின்றார்கள். நியூசிலாந்துப் பால் வந்து இறங்கினால் ஒற்றை மாடு வைத்திருக்கிறவள் கதி என்ன என்று கேட்டார்கள். அங்கே பெரிய ஒப்பந்தம் மடிந்த பிறகு அமெரிக்கா பெருவோடு தனியாக, கொலம்பியாவோடு தனியாக என்று ஒவ்வொன்றாகக் கையெழுத்து வாங்கியது. இங்கேயும் 2022ல் ஐக்கிய அரபு நாடுகளோடும் ஆஸ்திரேலியாவோடும், 2025 ஜூலையில் பிரிட்டனோடும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. உங்களில் எத்தனை பேர் அவற்றின் ஒரு பக்கத்தையாவது தமிழில் பார்த்தீர்கள்? நானும் பார்க்கவில்லை.

பஞ்சுக்கும் நூலுக்கும் பாலுக்கும் விதைக்கும் சம்பந்தப்பட்ட எந்த ஒப்பந்தமானாலும், கையெழுத்துக்கு முன்பே நகலைத் தமிழில் வெளியிடவேண்டும், தொழிற்சங்கங்களையும் விவசாயச் சங்கங்களையும் கேட்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி வந்திருக்கிறேன். மில் சங்கத்திலிருந்து ஒருவரும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவரும் மேடைக்கு வாருங்கள். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் ஆமோதிக்கட்டும். திருத்தம் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.