வாட்ஸ்அப் பாடமும் ஒற்றைப் போனும்
(கொத்தமங்கலம் ஆசிரியர் சந்திப்பில் செயலாளர் பேசியது)

 

2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருந்தது. மறு ஆண்டு கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020இல் பள்ளிகளை மூடியபோது பாடமே வாட்ஸ்அப்பில்தான் ஓடியது. இன்று ஆசிரியர் குழுவில் ஒருவர் போடும் சோதனை வீடியோவைப் பார்த்து இன்னொருவர் வகுப்பில் செய்து காட்டுகிறார். நல்ல காரியம். ‘காலை வணக்கம்’ படங்களை மட்டும் குறைத்தால் தேவலை.

எனக்குக் கவலை வேறு. நம் ஊரில் பல வீட்டில் ஒரே போன். அதுவும் பகலில் அத்தாவோடு கடைக்குப் போய்விடும். வீட்டுப்பாடத்தைக் குழுவில் மட்டும் போட்டால், அந்தப் பிள்ளை மறுநாள் செய்யாமல் வந்து நிற்கும். காரணம் கேட்டால் வாய் திறக்காது. கரும்பலகையிலும் எழுதிப் போடுங்கள். வீடியோவை மஃரிபுக்குப் பின் அனுப்புங்கள். போன் இல்லாத பிள்ளைகளை நம் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்; எட்டரை வரை நான் இருப்பேன், என் போனில் பார்க்கட்டும்.